குளிர்காலம் இல்லாத ஊரில் திராட்சை

தாம்பரத்தில் சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் மாடியில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். கொடி பந்தலை மூடிவிட்டது, இலை உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிகிறது, ஆனால் காய் மட்டும் இல்லை. தொழு எரு போட்டாயிற்று, தண்ணீருக்குக் குறைவில்லை, வெயிலும் வேண்டிய மட்டும் அடிக்கிறது. மூன்று வருடமாகியும் ஒரு குலைகூடத் தொங்கவில்லை. நர்சரியில் தவறான செடியைக் கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வீட்டில் எழும்.

செடியில் பெரும்பாலும் பழுது இருக்காது. எடுக்க வேண்டிய நேரத்தில் அதன் இலைகளை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்று புரிய, இந்தக் கொடி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிடும் திராட்சையில் பெரும்பகுதி விட்டிஸ் வினிஃபெரா என்ற இனத்தைச் சேர்ந்தது. காக்கசஸ் மலைப்பகுதியிலும் மேற்கு ஆசியாவிலும் மனிதர் கைக்குப் பழகிய கொடி அது. அந்த ஊர்களில் இலையுதிர்காலம் முடிவதற்குள் கொடி ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாகிவிடும். கணுக்களில் உள்ள மொட்டுகள் குளிர் முழுவதும் உறங்கும். வசந்தம் வந்ததும் அத்தனையும் ஒரே வாரத்தில் கண் திறக்கும். பழைய இலைகளை உதிர்ப்பதும் புதிய தளிருக்கு வழிவிடுவதும் அங்கே பருவத்தின் பொறுப்பு.

தாம்பரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பிரான்சின் போர்தோவில் அது ஏழு மணி நேரத்தை நெருங்கும். மார்கழி இரவிலும் நம் ஊர் வெப்பமானி சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே இங்கே திராட்சைக்கு உறக்கம் கிடையாது. கொடியின் நுனி வளர்ந்துகொண்டே போகிறது. வளரும் நுனியில் சுரக்கும் ஆக்சின் தண்டு வழியே இறங்கி, கீழே உள்ள மொட்டுகளைத் திறக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. கணுவில் நிற்கும் முதிர்ந்த இலையும் தன் கக்கத்திலுள்ள மொட்டை அடக்குகிறது. பூங்கொத்தின் கரு இருப்பதோ அந்த மொட்டுக்குள்தான். மொட்டு திறக்காமல் பூ ஏது?

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கான விடையைக் கண்ணால் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி வட்டாரத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் மைல் கணக்கில் நீள்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இங்கே விளைவதுதான். உலகச் சந்தையில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கவாத்து முடிந்த ஒரு பந்தலைப் பார்ப்பவர் அது பட்டுப்போன தோட்டம் என்றே நினைப்பார். கிளைகளை நாலைந்து கண் விட்டு வெட்டிவிடுகிறார்கள், மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் மொட்டுகள் ஒன்றாக வெடிக்கும். காக்கசஸில் குளிர் மூன்று நான்கு மாதம் எடுத்துச் செய்யும் காரியத்தை இங்கே ஒரு கத்தரி ஒரே நாளில் முடிக்கிறது. அதுவும் ஆண்டுக்கு ஒரு முறையோடு நிற்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை டிசம்பர்–ஜனவரியில் ஒரு கவாத்து, மே–ஜூனில் இன்னொன்று. முதலாவதற்கு ஏப்ரல்–மேயிலும் அடுத்ததற்கு ஆகஸ்ட்–செப்டம்பரிலும் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி வெட்டுவதால், ஒரு பந்தலில் பூவும் அடுத்த பந்தலில் பழமுமாக ஆண்டு முழுவதும் அங்கே ஏதாவது ஒரு குலை சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி பகுதிகளில் ஏப்ரலில் ஒரு கவாத்தும் அக்டோபரில் ஒரு கவாத்தும் நடக்கின்றன. ஏப்ரல் கவாத்து கிளையை வளர்க்க, அக்டோபர் கவாத்து பழம் எடுக்க. அக்டோபருக்கு முன்பாக எத்தபான் தெளித்து இலைகளைக் கொட்டச் செய்வோர் அங்கே நிறைய. எத்தபான் செடிக்குள் போய் எத்திலீன் வாயுவை வெளியிடும். முதுமையின் சமிக்ஞையான அந்த வாயு இலைக்காம்பின் அடியைத் தளர்த்திவிடும். எந்த வழியில் போனாலும் நோக்கம் ஒன்று. வெப்ப நாட்டில் திராட்சையின் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதை, இலையை எப்போது எடுக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

இது இலையை முழுவதும் எடுக்கும் கதை. கொஞ்சம் மட்டும் எடுப்பது இதைவிட நுட்பமான விஷயம், தவறு நடப்பதும் அங்கேதான்.

திராட்சை இலைக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. வீட்டுப் பிள்ளையைப்போல அது முதலில் சாப்பிடத்தான் செய்கிறது. தன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்வரை, தான் தயாரிக்கும் சர்க்கரையைவிட அதிகமாகச் செடியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பிறகு சம்பாதிக்கத் தொடங்குகிறது. விரிந்து ஐந்தாறு வாரம் ஆகும்போது அதன் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும். அதற்குப் பின் வருமானம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். ஒரே தளிரில் அடியில் முதிர்ந்த இலையும் நடுவில் உழைக்கும் இலையும் நுனியில் வாங்கித் தின்னும் இலையுமாக மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கிறது. ஆகவே இலையைக் கிள்ளலாமா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. கிள்ளும் அன்று அந்த இலை எந்த வயதில் இருக்கிறது, அன்று குலைக்கு என்ன தேவை என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

இத்தாலியின் பியாசென்சா நகரில் ஸ்தெஃபானோ போனியும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. பூக்கும் தறுவாயிலேயே தளிரின் அடியிலிருந்து ஆறு இலைகளை அவர்கள் நீக்கிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் தளிரில் சம்பாதிக்கும் இலைகள் என்றால் ஏறக்குறைய அந்த ஆறுதான், மேலே உள்ளவை இன்னும் வளரும் பருவத்தில் இருக்கும். திடீரென்று சர்க்கரை வரத்து நின்றதால் பூக்களில் பல காய் பிடிக்காமல் உதிர்ந்தன. குலை எடை குறைந்தது, காய்களுக்கிடையே இடைவெளி விட்டது. எஞ்சிய இலைகள் சுறுசுறுப்பாகி ஈடுசெய்ததால், மிஞ்சிய பழங்களில் சர்க்கரை கூடியது.

இதை நஷ்டம் என்று நாம் நினைப்போம். ஒயின் தயாரிப்பவர்களுக்கு அது வேண்டப்பட்ட விளைவு. நெருக்கமான குலையில் ஒரு பழம் கசிந்தால் போதும், சாம்பல்நிறப் பூசணம் குலை முழுவதும் பரவிவிடும். இடைவெளி விட்ட குலைக்குள் காற்று புகும், ஈரம் காயும். அதே கொடியில் அதே ஆறு இலைகளை நான்கு வாரம் கழித்து எடுத்திருந்தால் கதை வேறு. அதற்குள் காய் பிடிப்பு முடிந்திருக்கும், மேல் இலைகள் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும். காய்களின் எண்ணிக்கையில் மாற்றமே இருக்காது, வெளிச்சமும் காற்றும் மட்டும் கூடும். ஆறு இலை, இருபத்தெட்டு நாள்.

மாடியில் பத்துக் குலை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பூ வந்த மகிழ்ச்சியில், நன்றாக வெயில் படட்டும் என்று பூங்கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுவது பலருக்கும் தோன்றும் யோசனை. பூ மலர்ந்து காய் பிடிக்கும் நாட்களில் அதைச் செய்யவே கூடாது. சாதாரணமாகவே திராட்சைப் பூக்களில் பாதிக்கு மேல் காயாவதில்லை. இருப்பதையும் பட்டினி போட்டு உதிர்க்க வேண்டாம்.

காய் பிடித்த பிறகும் சில வாரம் பொறுமை தேவை. மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவுக்கு வளரும் அந்த நாட்களில்தான் பழத்தின் உயிரணுக்கள் பெருகுகின்றன. அப்போது பட்டினி கிடந்த பழம் பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் பெரிதாகாது. பின்னால் வரும் வளர்ச்சி, இருக்கும் உயிரணுக்கள் உப்புவதுதான். ஒரு கிலோ திராட்சை நன்றாகப் பழுக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு தேவை என்பது க்ளீவர், டோகூஸ்லியன் என்ற கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2005இல் தொகுத்துத் தந்த கணக்கு. ஓர் இலை 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் கிலோவுக்கு நூறு இலை, கால் கிலோ குலைக்கு 25 இலை. கத்தரியை எடுக்கும் முன் இந்த எண்ணை மனதில் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஓர் இலைகூட எடுக்காமல் விடுவதும் தீர்வாகாது. தொங்கும் குலையைப் பார்க்கும்போது நமக்குத் தெரியாத ஒன்று, அதே கிளையின் கணுக்களில் அடுத்த போகத்துக் குலை உருவாகத் தொடங்கிவிட்டது என்பது. மொட்டுக்குள் தோன்றும் கரு முதலில் எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு சிறு திசுத் திரள். அது பூங்கொத்தாகலாம், கொடி பற்றி ஏறும் சுருள்கம்பியும் ஆகலாம். சி. ஸ்ரீனிவாசன், எம்.ஜி. முல்லின்ஸ் இருவரும் 1970களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுகள் இந்தத் திருப்புமுனையை விளக்கின. சைட்டோகைனின் என்ற ஊக்கி மிகுந்தால் பூங்கொத்து, ஜிப்ரலின் மேலோங்கினால் சுருள்கம்பி. தனியே வெட்டி எடுத்த சுருள்கம்பியைச் சைட்டோகைனின் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே பூங்கொத்தாக மாற்றியும் அவர்கள் காட்டினார்கள். வெளிச்சமும் வெப்பமும் கருவைப் பூவின் பக்கம் தள்ளுகின்றன, நிழல் கம்பியின் பக்கம். ஐந்தாறு அடுக்கு இலைக்குக் கீழே இருளில் கிடக்கும் மொட்டு, அடுத்த கவாத்தில் திறந்தாலும் வெறும் சுருள்கம்பியைத்தான் நீட்டும். நம் ஊர் மாடிப் பந்தல்கள் காய்க்காததற்கு இது இரண்டாவது காரணம். பல வருட அடர்த்திக்குப் பிறகு முதல் முறை கவாத்து செய்பவர்கள் உடனே குலை வரவில்லையென்று மனம் தளர வேண்டாம். வெளிச்சத்தில் உருவான மொட்டுகள் கிடைக்க இன்னொரு சுற்று ஆகும்.

எனவே இலையைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும். எப்போது, எந்தப் பக்கம் என்பதில்தான் ஐரோப்பியப் புத்தகங்கள் நமக்கு உதவாமல் போகின்றன. அங்கே கொடிகளைச் சுவர்போல நிமிர்த்தி வரிசையாக வளர்க்கிறார்கள். குலை அடியில் இருக்கும், வெயில் பக்கவாட்டிலிருந்து வரும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்து இலைகளை எடுத்து, மேற்குப் பக்கத்தை அப்படியே விடுவது அங்கே நல்ல வழக்கம். மேற்கு ஏன் ஆகாது என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாரா ஸ்பெய்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட சோதனை அளந்து சொன்னது. பிற்பகல் வெயில் பட்ட குலையின் வெப்பம் சுற்றியிருக்கும் காற்றைவிட 13 டிகிரி வரை கூடியது. பழத்துக்கு வெளிச்சம் உதவுகிறதா, வெப்பம் கெடுக்கிறதா என்று பிரித்தறிய அவர்கள் செய்த ஏற்பாடு அழகானது. வெயிலில் தொங்கிய சில குலைகளைக் குளிர்ந்த காற்று ஊதி ஆற்றினார்கள், நிழலில் இருந்த சிலவற்றைச் சூடான காற்று ஊதிச் சுட வைத்தார்கள். வெளிச்சம் பட்டும் சூடாகாத பழம்தான் நன்றாக நிறம் பிடித்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல், 25 டிகிரியில் பழுத்த கேபர்னே சாவினோன் திராட்சையோடு ஒப்பிட்டால் 35 டிகிரியில் பழுத்ததில் ஆந்தோசயனின் என்ற கருஞ்சிவப்பு நிறமி பாதிக்கும் குறைவு என்று கண்டார்கள். சூட்டில் நிறமி உருவாவது குறைவதோடு, உருவானதும் சிதைகிறது.

இந்த எண்களைத் தாம்பரத்தில் பொருத்திப் பாருங்கள். ஏப்ரல் பிற்பகலில் காற்றே 35 டிகிரியைத் தாண்டும். அதன் மேல் 13 டிகிரி ஏறினால் பழம் வேகத்தான் செய்யும். இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாளிலும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டிய நாளிலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. கம்பத்து அட்டவணையின் அறுவடைக் காலங்களை இதன் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். கோடைப் பயிர் பழுப்பது ஏப்ரலில், அடுத்த பயிர் பழுப்பது ஆகஸ்டில். இரண்டு போகமும் நிறம் எடுத்துப் பழுக்கும் வேளையில் வெயில் செங்குத்தாக இறங்குகிறது. தென்னாட்டில் திராட்சை ஏன் பந்தலில் நிலைத்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பந்தலில் இலைகள் கூரையாகின்றன, குலைகள் அடியில் நிழலில் தொங்குகின்றன, பக்கங்களிலிருந்து காற்றும் சிதறிய வெளிச்சமும் வருகின்றன. ஸ்பெய்ட் குழு குளிர்காற்று ஊதி உண்டாக்கிய நிலைக்குக் கிட்டத்தட்ட நெருங்கும் ஏற்பாடு இது.

அந்தக் கூரையில் ஓட்டை போடக் கூடாது. பழம் நிறம் மாறத் தொடங்கிய பிறகு, சீக்கிரம் பழுக்கட்டும் என்று மேல் இலைகளைக் கிள்ளினால் அடுத்த சில நாளில் தோல் பழுப்பேறி வெந்துவிடும். ஒரே குலையில் சில பழம் கறுத்தும் சில பழம் சிவந்தும் நிற்பது பன்னீர் திராட்சையில் அடிக்கடி பார்ப்பதுதான். அதைச் சரிசெய்ய இந்த வேலையில் இறங்குபவர்கள் இருப்பதையும் இழக்கிறார்கள். சூட்டில் மாலிக் அமிலமும் வேகமாகச் செலவழிவதால் புளிப்பு போய்ச் சுவை தட்டையாகிவிடும். ரோஜாவின் வாசனைக்குக் காரணமான ஜெரானியால் இந்தப் பழத்திலும் இருக்கிறது. பன்னீர் மணம் அதனாலும் அதன் உறவான லினலூல் போன்றவற்றாலும் வருவது. மிதமான வெளிச்சம் அவற்றை வளர்க்கும்.

எடுக்க வேண்டியவை கூரைக்குக் கீழே இருக்கின்றன. காய் பட்டாணி அளவு வந்ததும், குலையை உரசிக்கொண்டு உள்பக்கம் தொங்கும் இலைகள், மஞ்சளான அடியிலைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை, கணுக்களிலிருந்து கிளம்பும் வேண்டாத பக்கத் தளிர்கள் ஆகியவற்றை நீக்கலாம். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஆங்காங்கே புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். காய் பச்சையாக இருக்கும்போதே வெளிச்சம் பழகினால் அதன் தோல் ஃப்ளேவனால் என்ற காப்புப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளும். திடீரென்று வெளிச்சத்துக்கு வந்த முதிர்ந்த காயிடம் அந்தக் காப்பு இருக்காது. மொட்டைமாடித் தளமும் சூட்டைத் திருப்பி வீசும் என்பதால் பந்தலின் கீழே தொட்டிச் செடிகளை அடுக்கி வைப்பது உதவும்.

இனி நாள் குறிக்கும் விஷயம். யூடியூபில் நாசிக் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அக்டோபரில் கவாத்து செய்ய நினைப்பவர்களைத் தடுக்க விரும்புகிறேன். நாசிக்கில் அக்டோபருக்குப் பின் வானம் தெளிகிறது, நமக்கோ அப்போதுதான் பருவமழை தொடங்குகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அக்டோபரில் வெட்டினால் நவம்பர் மழையில் பூ வரும். அடிச்சாம்பல் நோயின் வித்துகள் இலைமேல் படிந்த நீரில் நீந்திப் போய்த் தொற்றுபவை. அவற்றுக்கு இளந்தளிரும் ஓயாத ஈரமும் சேர்ந்து கிடைப்பதைவிட வேறென்ன வேண்டும்?

மழை ஓய்ந்த டிசம்பர் கடைசிக்கும் பொங்கலுக்கும் நடுவில் கத்தரியை எடுப்பதே இங்கே பொருத்தம். கிளை பச்சை மாறி மரநிறம் கொண்டிருக்க வேண்டும். பந்தலில் சட்டகம் இன்னும் அமையாத இளங்கொடியை வெட்டி மொட்டையாக்க வேண்டாம். ஜனவரி நடுவில் தளிர், பிப்ரவரியில் பூ, மாதக் கடைசியில் பட்டாணி, மார்ச் கடைசியில் நிறம், ஏப்ரலில் பழம். மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி வெயில் பிறப்பதற்குள் குலைகள் இறங்கிவிடும். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது என்பதை நினைத்தால் அந்த வெயிலுக்கு முன்னால் அறுவடையை முடிப்பதன் அருமை தெரியும்.

பழம் பறித்தபின் கொடி சோர்ந்து நிற்கும், இலைகள் தூசியும் பழுப்புமாக இருக்கும். சுத்தம் செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் இலைகள் தமக்குப் போட்டியாகக் குலை இல்லாமல், தயாரிப்பதையெல்லாம் தண்டுக்கும் வேருக்கும் மாவுச்சத்தாக அனுப்புகின்றன. அடுத்த கவாத்துக்குப் பின் வரும் முதல் ஐந்தாறு இலைகள் வளர்வது முழுக்க அந்தச் சேமிப்பில். கத்திரி வெயில் முடியும்வரை இலைகளை விட்டுவைத்து, தண்ணீர் விட்டு, ஜூன் தொடக்கத்தில் வெட்டினால் செப்டம்பருக்குள் இரண்டாவது பழம் வந்துவிடும், மழை பிடிப்பதற்கும் முன்னால். அதன்பின் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கொடியில் நிற்கும் இலைகளை நோயிலிருந்து எவ்வளவு காப்பாற்ற முடிகிறதோ, ஜனவரித் தளிர்கள் அவ்வளவு திடமாகப் புறப்படும்.